ரேடியேட்டர் புதுசு, சூடு மட்டும் பழசு



மிளகு, காப்பி, சாமைன்னு எழுதிக்கிட்டு இருந்தவன் இன்னைக்கு ஜீப்பைப் பத்தி எழுதறேன். மலையில விவசாயம் பண்றவனுக்கு வண்டியும் ஒரு மாடு மாதிரிதான். அது படுத்துட்டா விளைஞ்சதெல்லாம் காட்டுலயே கிடக்கும். எங்க தேவனூர் நாட்டுல பறிக்கிற பலாவும் அன்னாசியும் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகணும், இல்லன்னா கீழ நாமக்கல்லுக்குப் போகணும். அப்பத்தான் காசு. ராத்திரியில ஊர்ல யாருக்காவது வலி வந்தா ஜீப்பு இருக்கிற வீட்டுக் கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க.

எங்க ஜீப்பு பழைய டீசல் வண்டி. அதுல இருந்த பித்தளை ரேடியேட்டருக்கு எத்தனை தடவை ஈயம் வச்சு ஒட்டினோம்னு கணக்கே இல்ல. போன சித்திரையில அது மொத்தமா கை விட்டுருச்சு. கீழ டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டு புதுசு போட்டோம். நடுவுல அலுமினியம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, இப்ப வர்ற மாதிரி. இனிமே பத்து வருஷத்துக்குக் கவலை இல்லன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க.

அன்னைக்கே மாட்டுத் தீவன மூட்டை ஏத்திக்கிட்டு காரவள்ளி வழியா ஏறினேன். இந்த ரோட்டுல வந்தவங்களுக்குத் தெரியும், அடிவாரத்துல இருந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்னுக்கும் நம்பர் போட்டிருக்கும். 22-வது வளைவு திரும்புறப்ப முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. நிறுத்தி பானெட்டைத் தூக்கினா ஸ்பேர் டப்பாவுல தண்ணி தளதளன்னு கொதிக்குது. பழைய ஓட்டை ரேடியேட்டர் கூட இப்படிக் கொதிச்சது இல்ல.

ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டா, அங்கிருந்த பெரியவர் வண்டியைப் பாக்காமலே சொல்லிட்டாரு: "ஹெட் கேஸ்கட் போயிருக்கும். எஞ்சினைப் பிரிக்கணும். நாப்பதாயிரம் கொண்டாங்க." வீட்டுல அப்ப இருந்தது மிளகு மூட்டை மட்டும்தான். விலை ஏறட்டும்னு வச்சிருந்தோம். ஆனி மாசம் பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும், அந்த மிளகை நம்பித்தான் அட்மிஷனே போட்டிருந்தோம். எஞ்சினைப் பிரிச்சா படிப்பு நிக்கும், பிரிக்கலன்னா பலா காட்டுலயே அழுகும். அப்படி ஒரு வைகாசி.

அடுத்து நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி, இந்தத் தண்ணி வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். இது புரிஞ்சாத்தான் மிச்சம் புரியும்.

ஊத்துற டீசல்ல இருக்கிற சக்தி முழுசும் சக்கரத்துக்குப் போறது இல்ல. ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வண்டியை இழுக்குது. ஒரு பங்கு சைலன்சர் வழியா புகையோட போயிருது. மிச்ச பங்கு எஞ்சினுக்குள்ள சூடா நிக்குது. அந்தச் சூட்டைத் தண்ணி வாங்கிக்கிட்டு ரேடியேட்டருக்கு வரணும், அங்க காத்துக்குக் கொடுத்துட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியா திரும்ப எஞ்சினுக்குப் போகணும். தள்ளி விடுறது வாட்டர் பம்ப். எஞ்சின் பதமா சூடாகுற வரைக்கும் வழியை அடைச்சு வச்சிருக்கிறது தெர்மோஸ்டாட். காத்தை இழுக்கிறது ஃபேன். மேல இருக்கிற மூடி வெறும் மூடி இல்ல, அது குக்கர் வெயிட்டு.

குக்கர்னு சும்மா சொல்லல. உயரம் ஏற ஏற தண்ணி சீக்கிரம் கொதிக்கும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும்னு வச்சுக்கலாம். எங்க மலை 1,000 மீட்டருக்கு மேல. திறந்த பானையில 96, 97 டிகிரியிலயே கொதி வந்துரும், அதனாலதான் மலையில பருப்பு வேக நேரமாகும். ரேடியேட்டர் மூடியில 0.9-ன்னு ஒரு நம்பர் இருக்கும். உள்ள அவ்வளவு அழுத்தம் சேர்ற வரைக்கும் மூடி விடாது. அந்த அழுத்தத்துல, சரிபாதி கூலன்ட் கலந்த தண்ணி 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அவ்வளவும் போச்சு. நூறு ரூபாய் சாமான் எஞ்சினையே கொதிக்க வைக்கும்.

தண்ணியைக் கொதிக்க விட்டு ஆவியாவே போக விட்ட காலமும் இருந்திருக்கு. 1888 ஆகஸ்ட்ல ஜெர்மனியில பெர்த்தா பென்ஸ்ங்கிற அம்மா, புருஷன் செஞ்ச மூணு சக்கர மோட்டார் வண்டியில ரெண்டு பசங்களை ஏத்திக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல போனாங்க. அந்த வண்டிக்கு இன்னைக்கு இருக்கிற மாதிரி ரேடியேட்டர் கிடையாது. வழி நெடுக எங்க தண்ணி கிடைச்சுதோ அங்கெல்லாம் ஊத்திக்கிட்டே போயிருக்காங்க. மேடு வந்தா இறங்கித் தள்ளியிருக்காங்க. அப்புறம் 1900 வாக்குல வில்ஹெல்ம் மேபாக்னு ஒருத்தர் மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சாரு, 8,000-க்கு மேல குட்டிக் குட்டிக் குழாய் வச்சு. கொஞ்சம் தண்ணி, நிறைய காத்து. அதுக்கப்புறம்தான் மோட்டார் வண்டிக்குத் தெம்பு வந்துச்சு. தேன்கூட்டுக்கும் எங்க மலைக்கும் இருக்கிற உறவு உங்களுக்கே தெரியும், அதனால இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

சரி, நம்ம ஜீப்புக்கு வருவோம். பக்கத்து ஊர்ல ஒரு பையன் இருக்கான். நாமக்கல்ல லாரிப் பட்டறையில நாலு வருஷம் வேலை பாத்துட்டு மலைக்கே திரும்பி வந்தவன். என்னை மாமான்னு கூப்பிடுவான். வந்து வண்டியைச் சுத்திப் பாத்துட்டு அவன் முதல்ல கேட்டது இதுதான்: "மாமா, புது ரேடியேட்டர் போட்டப்ப எத்தனை லிட்டர் ஊத்துனாங்க?"

பில்லுல ஆறு லிட்டர்னு போட்டிருந்துச்சு. இந்த வண்டிக்கு எட்டு லிட்டர் புடிக்கும், முன்னாடி நானே காலி பண்ணி ஊத்தியிருக்கேன். "அப்ப மிச்சம் ரெண்டு லிட்டர் இடத்துல என்ன இருக்கு? காத்துதான்"னான்.

ரேடியேட்டர் மாத்தின வண்டி சூடாச்சுன்னா முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். தண்ணி மொத்தத்தையும் இறக்கிட்டுத் திரும்ப ஊத்துறப்ப எஞ்சின் மேல்பக்கம் காத்து மாட்டிக்கும். சொட்டுநீர் குழாய்ல மேட்டுல காத்து நின்னா கீழ தண்ணி வராது பாருங்க, அதே கதைதான். பம்ப் காத்தைத் தள்ளாது. ரேடியேட்டர் நிறைஞ்சு நிக்கிற மாதிரி தெரியும், எஞ்சின் காஞ்சு கிடக்கும்.

காத்து எடுக்கிற வழி இது. எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். வண்டி மூஞ்சி மேடாப் பாத்து இருக்கிற மாதிரி நிறுத்தணும், மலையில அதுக்குப் பஞ்சம் இல்ல. மூடியைத் திறந்து வச்சு எஞ்சினை மெதுவா ஓட விடணும். மேல் ஹோஸை அப்பப்ப அமுக்கி அமுக்கி விடணும். குமிழி குமிழியா வரும், தண்ணி இறங்கும், ஊத்திக்கிட்டே இருக்கணும். சூடு ஏறி தெர்மோஸ்டாட் திறந்ததும் மடக்குன்னு ஒரு இறக்கம் இறங்கும், அதையும் நிரப்பணும். குமிழி நின்னதும் மூடியைப் போட்டு, ஸ்பேர் டப்பாவுல கோடு வரைக்கும் ஊத்திட்டு, மறுநாள் காலையில ஆறின பிறகு இன்னொரு தடவை பாக்கணும். சில வண்டியில காத்து விடுறதுக்குன்னே திருகாணி இருக்கும். எங்க வண்டி ஒன்னே முக்கால் லிட்டர் குடிச்சுது.

ஒரு விஷயம், கூலன்ட் கீழ சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவிருங்க. இனிப்பா இருக்கும், நாயும் கன்னுக்குட்டியும் நக்கிரும். அது விஷம்.

மறுபடியும் கீழ போய்ட்டு ஏறினோம். இந்தத் தடவை 22 தாண்டிருச்சு, 30 தாண்டிருச்சு. 39-ல திரும்ப முள்ளு ஏறுச்சு. காத்து ஒரு காரணம்தான், அது மட்டுமே இல்லன்னு தெரிஞ்சுது. மனசுக்குள்ள அந்த நாப்பதாயிரம் திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு.

"ஹெட்டையும் பாத்துரலாம் மாமா, பாக்குறதுக்குக் காசா பணமா"ன்னான் பையன். காலையில எஞ்சின் சில்லுன்னு இருக்கிறப்ப மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினோம். ஹெட் கேஸ்கட் போயிருந்தா எரியிற வாயு தண்ணிக்குள்ள வந்து நிக்காம குமிழி விடும். மூடியைப் போட்டா, சூடே ஆகாம ஒரு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிரும். ஆயில் குச்சியை உருவினா ஆயில் பால் காப்பி கலர்ல இருக்கும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசத்தோட வந்துக்கிட்டே இருக்கும். எங்க வண்டியில நாலுல ஒன்னு கூட இல்ல. ஆயில் நல்ல கடுங்காப்பியா இருந்துச்சு. எஞ்சினைத் தொட வேண்டாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். அதைக் கழட்டி வீசிட்டா சூடு குறையும்னு சொல்ற ஆளுங்க நிறைய. குறையாது, எஞ்சின் பதத்துக்கு வராம டீசல்தான் அதிகம் குடிக்கும். கழட்டினோம், வீசல. அதுல 82-ன்னு அச்சடிச்சிருந்துச்சு. 82 டிகிரியில திறக்க ஆரம்பிக்கணும்னு அர்த்தம். வீட்டு அடுப்புல தண்ணி வச்சு, நூல்ல கட்டி உள்ள தொங்க விட்டோம். தண்ணி தளதளன்னு கொதிக்கிறதுக்கு முன்னாடியே அது வாயைத் திறந்துரணும். திறந்துச்சு, வெளிய எடுத்து ஆறினதும் மூடுச்சு. சாமான் நல்லா இருக்கு. "ஏங்க, குழம்பு வைக்கிற குண்டாவுலயா இதைப் போட்டீங்க?"ன்னு வீட்டுல ஒரு சத்தம் கிளம்புச்சு. அந்தக் குண்டா இப்ப வண்டிக்குப் போயிருச்சு.

மூடியோட ரப்பரைப் பாத்தோம், புதுசு, நல்லாவே இருந்துச்சு. பெல்ட்டை அமுக்கிப் பாத்தோம், தளர்வு இல்ல. வாட்டர் பம்புல ஒழுக்கு இல்ல, ஆட்டம் இல்ல.

கடைசியில அந்தப் பையன்தான் கண்டுபிடிச்சான். என்னை உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை நல்லா மிதிக்கச் சொல்லிட்டு, அவன் பானெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். "மாமா, இறங்கி வாங்க. இப்ப நான் மிதிக்கிறேன், நீங்க கீழ் ஹோஸைப் பாருங்க."

பாத்தேன். மெதுவா ஓடுறப்ப கீழ் ஹோஸ் உருண்டையா, ஒழுங்கா இருந்துச்சு. அவன் மிதிக்க மிதிக்க அது ஒட்டிக்கிட்டே வந்து, கறந்து முடிச்ச மாட்டுக் காம்பு மாதிரி சப்பையாப் போச்சு. காலை எடுத்தா திரும்ப உருண்டையாகுது. பம்ப் தண்ணியை இழுக்கிற பக்கம் அது. உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கணும், ஹோஸ் ஒட்டாம தாங்குறதுக்கு. கழட்டிப் பாத்தா கம்பி துருப்புடிச்சு, தூளா ரெண்டு கைப்பிடி வந்துச்சு. ரப்பரும் ஊறி மெத்துன்னு ஆயிருச்சு. நின்ன இடத்துல பாக்குற மெக்கானிக் கண்ணுக்கு இது சிக்காது. வளைவுக்கு வளைவு ரெண்டாவது கியர்ல எஞ்சின் கத்திக்கிட்டு ஏறுறப்ப, எப்ப தண்ணி அதிகமா ஓடணுமோ அப்பப் பாத்து வழி அடைச்சுக்கும். கம்பி வச்ச புது ஹோஸ், ரெண்டு கிளிப்போட, 420 ரூபாய்.

நாலு நாள் கழிச்சு ஏறினப்ப 57-வது வளைவு வரைக்கும் முள்ளு நடுவுலயே நின்னுச்சு. அதுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு, ஆனா கொதிக்கல. ஓரமா நிறுத்தி ஆற விட்டு வீட்டுக்கு வந்துட்டேன். இன்னும் ஏதோ ஒன்னு பாக்கி.

அந்தப் பாக்கி எதுன்னா, ஃபேனைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் கூண்டு. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவுல, ஃபேன் இழுக்கிற காத்து முழுக்க ரேடியேட்டர் வழியாவே வரட்டும்னு வைக்கிற தடுப்பு. புது ரேடியேட்டர்ல திருகாணி ஓட்டை வேற இடத்துல இருந்ததால ஒர்க்‌ஷாப்புல அதை மாட்டாமயே அனுப்பிட்டாங்க. பழைய ரேடியேட்டரோட சேத்துப் பின்னாடி ஒரு மூலையில கிடந்துச்சு. நல்ல ரோட்டுல எண்பதுல போற வண்டிக்கு எதிர்க்காத்தே போதும், கூண்டு இல்லாதது தெரியாது. மலை ஏறுற வண்டி பதினஞ்சு, இருபதுலதான் போகும். எதிர்க்காத்து கிடையாது, ஃபேன் ஒன்னுதான் கதி.

இதையும் வீட்டுலயே சோதிக்கலாம். எஞ்சின் மெதுவா ஓடுறப்ப ரேடியேட்டருக்கு முன்பக்கம் ஒரு நோட்டுத் தாளை வைங்க. ஃபேன் நல்லா இழுத்தா தாள் ஒட்டிக்கும். கூண்டு இல்லாதப்ப எங்க வண்டியில நடுவுல மட்டும் ஒட்டுச்சு, நாலு மூலையிலயும் கீழ விழுந்துச்சு. பட்டைக் கம்பி ரெண்டு வளைச்சு, செம்மேட்டுல வெல்டிங் வச்சுக் கூண்டை மாட்டின பிறகு மூலையிலயும் ஒட்டுச்சு. தாள் முன்பக்கம் மட்டும்தான், ஃபேன் பக்கம் கை போகவே கூடாது. கரன்ட் ஃபேன் வச்ச கார்ல எஞ்சின் சூடானாத்தான் ஃபேன் ஓடும், அதனால சூடான பிறகு சோதிங்க.

அப்புறம் ஒரு நாள் கீழ பலா இறக்கிட்டு, பதினாலு மூட்டை தீவனத்தோட மத்தியான வெயில்ல ஏறினேன். 22, 39, 57 எல்லாம் தாண்டி, 70-ம் முடிஞ்சு சோளக்காடு வந்தப்ப முள்ளு பாதிக்கு ஒரு நூல் மேல. அங்க ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதுல நான் புரிஞ்சுக்கிட்டது ஒன்னுதான். எங்க வயல் எல்லாம் படிப்படியா இறங்குற வயல். மேல் வரப்பை நல்லா உசத்திக் கட்டினா, அடுத்த மழைக்குக் கீழ் வரப்புதான் உடையும். கீழ் வரப்பு முன்னாடியே பலவீனமாத்தான் இருந்திருக்கும், தண்ணி மேலயே ஒழுகிப் போனதால தெரிஞ்சிருக்காது. எங்க பழைய ரேடியேட்டர்ல ஒழுக்கு இருந்த வரைக்கும் எல்லாப் பழியும் அதுக்கே போச்சு. அது சரியானதும் ஹோஸ் வெளிய வந்துச்சு, கூண்டு வெளிய வந்துச்சு. ரேடியேட்டர் மாத்துறப்பவே ஹோஸ், கிளிப், மூடி, தெர்மோஸ்டாட், கூண்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாக்கச் சொல்லுங்க. எத்தனை லிட்டர் இறக்கினாங்க, எத்தனை லிட்டர் ஊத்தினாங்கன்னு கேளுங்க.

அறிகுறியை வச்சுப் பிரிக்கவும் ஒரு கணக்கு இருக்கு. நிக்கிறப்ப சூடாகி ஓடுறப்ப ஆறினா ஃபேன் பக்கம் பாருங்க. நிக்கிறப்ப சும்மா இருந்து, மேடு ஏறுறப்பவோ வேகமாப் போறப்பவோ சூடானா தண்ணி ஓட்டத்துல அடைப்பு. முள்ளு ஏறி இறங்கி ஊஞ்சலாடினா காத்து, இல்லன்னா தண்ணி குறைவு. முள்ளு சிவப்புல இருந்தும் மேல் ஹோஸ் சில்லுன்னு இருந்தா தெர்மோஸ்டாட் திறக்கல, இல்லன்னா உள்ள தண்ணியே இல்ல. எஞ்சினைப் பிரிக்கிற பேச்சு இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

மொத்தச் செலவு ஹோஸ், வெல்டிங், கூலன்ட், பேட்டரித் தண்ணி எல்லாம் சேத்து 1,900 ரூபாய்க்குள்ள. பையன் காசு வாங்க மாட்டேன்னான், ரெண்டு பலாவும் ஒரு கிலோ மிளகும் கொடுத்து அனுப்பினோம். மிச்ச மிளகு ஆனியில வித்துச்சு. பொண்ணு இப்ப முதல் வருஷம்.

ஆகாய கங்கை பாக்க, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குன்னு ஊர்ல இருந்து கார்ல வர்றவங்களுக்குக் கடைசியா ரெண்டு வார்த்தை. காரவள்ளியில ஒரு பத்து நிமிஷம் நின்னு, ஸ்பேர் டப்பாவுல கூலன்ட் கோட்டுல இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க. முள்ளு ஏற ஆரம்பிச்சா ஏசியை நிறுத்துங்க, ஹீட்டரை முழுசா வைங்க, உங்களுக்கு வேர்க்கும், எஞ்சினுக்கு ஆறும். அதுக்கும் அடங்கலன்னா அகலமான இடமாப் பாத்து நிறுத்திருங்க. கொதிக்கிற வண்டியில மூடியை மட்டும் திறக்காதீங்க, சாக்கு போட்டுப் பிடிச்சாலும் கை வெந்துரும். சூடான எஞ்சின் மேல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட் வெடிச்சிரும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் உக்காருங்க. இறங்குறப்பவும் ஏறின கியர்லயே இறங்குங்க, பிரேக் சூடாகாது.

வழியில நின்ன வண்டியைப் பாத்தா எங்க ஊர் ஜீப்புக்காரங்க யாரும் தாண்டிப் போக மாட்டாங்க. தண்ணி கேட்டா கொடுப்பாங்க.

அடுத்த தடவை மிளகுக்கொடி வாடல் பத்தி எழுதறேன்.